படகு வீட்டில் ஓய்வு தானாக வருவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டன் வீட்டு வாடகையைத் தாங்க முடியாமல் கால்வாய்ப் படகுகளில் குடியேறுகிறவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையையும், அதையொட்டி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். கட்டுரை படகு வாழ்க்கையை முடிவில்லாத விடுமுறையாகக் காட்டியிருந்தது. கடிதம் எழுதிய அன்பர் அதைவிட ஒரு படி மேலே சென்று, மடிக்கணினியில் கொஞ்ச நேரம் வேலை பார்த்துவிட்டு மீதிப் பொழுதெல்லாம் கம்பளி பின்னிக்கொண்டு தண்ணீரைப் பார்த்திருக்கும் பெண்களுக்கு என்ன குறை இருக்கப் போகிறது என்ற பொருள்பட எழுதியிருந்தார். நானும் என் கணவரும் இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாயில் படகிலேயே குடியிருக்கிறோம். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முழுநேர வேலை பார்க்கிறேன், பின்னவும் செய்கிறேன். ஆகவே இதற்குப் பதில் எழுதும் கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். படகில் குடியிருப்பவர்களுக்கு வேலை, பின்னல், ஓய்வு என்ற மூன்றுக்கும் இடையே படகு தன் பங்காக நான்காவது வேலை ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறது. அந்த நான்காவதைக் கணக்கில் கொள்ளாமல், பின்னலையும் ஓய்வின் பக்கத்தில் எழுதிவிட்டால், ஏட்டில் ஓய்வு நிறைய இருப்பதுபோல் தெரியும். உடம்புக்கு எதுவும் கிடைத்திருக்காது. தங்கள் கட்டுரையும் அந்த அன்பரின் கடிதமும் இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கின்றன.

படகைப் பற்றி முதலில் சிறிது சொல்ல வேண்டும். எங்களுடையது நேரோபோட் எனப்படும் ஒடுங்கிய இரும்புப் படகு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி முதலான பொறியாளர்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களில் ஏறத்தாழ ஏழடி அகலமே கொண்ட லாக்குகளைக் கட்டினார்கள். படகை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் தண்ணீரை நிரப்பியும் வடித்தும் இயக்கும் கதவுள்ள தொட்டிதான் லாக். அதற்குள் நுழைய வேண்டியிருப்பதால் இந்தப் படகுகளின் அகலம் 2.1 மீட்டரைத் தாண்டுவதில்லை. நம் ஊர் ரயில் பெட்டியின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அகலத்துக்குள் சமையலறை, படுக்கை, குளியலறை, கணப்பு அடுப்பு, என் அலுவலக மேசை, கம்பளி நூல் பெட்டிகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்குகின்றன. எங்களுக்கு நிரந்தரக் கட்டுத்துறை கிடையாது. அப்படிப்பட்ட படகுகள் உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும் என்றும், நியாயமான காரணம் இருந்தாலொழிய ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாள்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்றும் 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் கூறுகிறது. 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பாலானவற்றைப் பராமரித்துவரும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட், 2024 ஏப்ரல் முதல் இத்தகைய படகுகளிடம் உரிமக் கட்டணத்துக்கு மேல் கூடுதல் தொகையும் வாங்குகிறது. வாடகை இல்லாத வீடு என்று எழுதும்போது இவற்றையும் சேர்த்து எழுதுவது நல்லது.

கரையிலிருக்கும் வீட்டில் வேலை நேரத்தை முடிவு செய்வது கடிகாரம். படகில் அதை முடிவு செய்வது மின்சாரம். ஒரு மடிக்கணினி 50 வாட் இழுக்கிறது என்று கொண்டால், எட்டு மணி நேர வேலைக்கு 400 வாட்-மணி செலவாகும். 12 வோல்ட் பேட்டரியில் அது ஏறக்குறைய 33 ஆம்பியர்-மணி. குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்ப் பம்பு, இணைய ரூட்டர், விளக்குகள் எல்லாம் இதற்கு மேல் வருகின்றன. ஈய-அமில பேட்டரிகளைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அவற்றின் ஆயுள் குறைந்துவிடும் என்பதால், பெயரளவில் இருக்கும் கொள்ளளவில் பாதிதான் கைக்கு உதவும். ஜூன் மாதத்தில் லண்டன் பக்கம் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் பகல் இருப்பதால், கூரைமேல் கிடக்கும் சோலார் பேனல்கள் நண்பகலுக்கு முன்பே பேட்டரியை நிரப்பிவிடும். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. சூரியன் மரங்களுக்கு மேல் ஏறுவதற்குள் சாயத் தொடங்கிவிடும். அப்போது எஞ்சினை ஓட்டித்தான் பேட்டரியை நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டுப்பாடு உண்டு: அக்கம்பக்கத்தில் வேறு படகுகள் இருந்தால் இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை மின்சாரத்துக்காக எஞ்சினை ஓட்டக் கூடாது. இந்த விதி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அடுத்த படகில் தூங்குபவரின் தலைக்கும் நம் எஞ்சினுக்கும் இடையே சில அடிதான் இருக்கும்.

என் குழுவினரில் பாதிப்பேர் சென்னையில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் இங்கே காலை எட்டரை மணி ஆகும்போது அங்கே பிற்பகல் இரண்டு. ஆகவே எங்கள் கூட்டங்கள் பெரும்பாலும் இந்நாட்டுக் காலை நேரத்திலேயே வந்து விழுகின்றன. எஞ்சினை இயக்க அனுமதிக்கப்பட்ட நேரம் தொடங்கி அரை மணி நேரத்தில், முந்தைய இரவு மிச்சம் வைத்த மின்சாரத்தை நம்பி நான் மேசையில் அமர்ந்தாக வேண்டும். இதனால் குளிர்காலத்தில் முதல் நாள் மாலையே மறுநாள் காலைக்கான திட்டம் தொடங்கிவிடுகிறது: எந்த விளக்கை அணைப்பது, எந்தக் கருவியை இரவில் சார்ஜ் செய்யாமல் விடுவது, எது காலை வரை காத்திருக்கும் என்ற யோசனைகள். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வான வேலை முறைக்கு விண்ணப்பிக்கும் உரிமை 2024 ஏப்ரல் முதல் இந்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. காரணம் காட்டி மறுக்கும் உரிமை முதலாளிக்கும் உண்டு. எனக்கு அனுமதி கிடைத்தது. கிடைக்காதவர்கள் படகை ரயில் நிலையங்களுக்கு அருகிலேயே நகர்த்திக்கொண்டு, தினமும் இருட்டில் கரைப்பாதை வழியே நடந்து போய்வருகிறார்கள். அவர்களுடைய நாள் என்னுடையதைவிடக் கடினமானது.

இனி படகு கேட்கும் வேலை. தண்ணீர்த் தொட்டியில் சில நூறு லிட்டர் கொள்ளும். தீருவதற்கு முன் குழாய் இருக்கும் துறைக்குப் படகையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கழிவறையின் கழிவுப் பெட்டியைத் தூக்கிச் சென்று அதற்கென அமைந்த இடத்தில் நாமே கொட்டிக் கழுவ வேண்டும். புகையில்லா நிலக்கரியையும் டீசலையும் கேஸ் சிலிண்டரையும் விற்றுக்கொண்டு எரிபொருள் படகுகள் வருவதுண்டு. வராத வாரத்தில் கரி மூட்டையைக் கைவண்டியில் வைத்துச் சேற்றுப்பாதையில் இழுத்து வர வேண்டும். அடுப்பின் சாம்பலை அள்ள வேண்டும், புகைபோக்கியைத் துடைக்க வேண்டும், எஞ்சின் அறையில் சுழல்தண்டு வழியே கசியும் நீரை வெளியேற்ற வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகை நீரிலிருந்து எடுத்து அடிப்புறத்துக்குக் கரும்பூச்சு பூச வேண்டும். இவற்றில் பாதியை என் கணவர் செய்கிறார். அந்தப் பாதியை அவர் செய்யாவிட்டால் எனக்கு முழுநேர வேலை சாத்தியமே இல்லை. படகில் தனியாகக் குடியிருந்து வேலைக்கும் போகிற பெண்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுடைய உழைப்பை நான் வியந்து பார்க்கிறேன்.

14 நாள் விதியால் வார இறுதி நாள்கள் பயணத்துக்குப் போகின்றன. கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல்; கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதைவிடவும் மெதுவாகத்தான் செல்ல வேண்டும். கிராண்ட் யூனியன் கால்வாயின் முதன்மைத் தடம் லண்டனிலிருந்து பர்மிங்காம் வரை 137 மைல் நீளமும் 166 லாக்குகளும் கொண்டது. ஒரு லாக்கைக் கடக்க ஏறக்குறைய கால் மணி நேரம் பிடிக்கும். வாரிக் நகருக்கு அருகில் ஹாட்டன் என்னுமிடத்தில் 21 லாக்குகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு சனிக்கிழமையின் பெரும்பகுதியை அது ஒன்றே எடுத்துக்கொள்ளும். கீழ்நோக்கி இறங்கும்போது படகின் பின்பகுதி உட்சுவரின் கற்படியில் மாட்டிக்கொண்டால், நீர் வடிய வடிய முன்பகுதி தாழ்ந்து படகு மூழ்கிவிடும். ஒருவர் சுக்கானிலும் மற்றவர் மதகுத் திறப்பிலும் கண்ணாக நிற்க வேண்டிய நேரம் அது. சுக்கானைப் பிடித்துக்கொண்டே பின்னுகிறவர்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன். நேரான நீர்ப்பரப்பில்கூட அது கூடாது என்பதே என் கருத்து. எதிரே ஒரு குழந்தை துடுப்புப் படகில் வரலாம். நவம்பர் முதல் மார்ச் வரை லாக்குகளைப் பழுதுபார்க்க ஆங்காங்கே மூடுவார்கள். கோடையில் வறட்சி வந்தாலும் மூடுவார்கள். 2025 கோடையில் லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயின் நீண்ட பகுதிகள் தண்ணீர் இல்லாமல் மூடிக் கிடந்தன. அப்போதெல்லாம் திட்டம் முழுவதையும் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் நடுவில் பின்னலுக்கு ஏன் இடம் கொடுக்கிறேன் என்று கேட்கலாம். படகில் செய்யக்கூடிய கைத்தொழில்களில் பின்னலுக்கு நிகராக எதையும் நான் காணவில்லை. அதற்கு மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், தனி அறை வேண்டாம். வளைந்து கொடுக்கும் கம்பியால் இரண்டு குட்டை ஊசிகளை இணைத்த வட்ட ஊசியைப் பயன்படுத்தினால் முழங்கை சுவரில் இடிக்காது. ஊசி நழுவி விழுந்து தரைப்பலகை இடுக்கில் மறையவும் செய்யாது. எந்தக் கண்ணியிலும் நிறுத்திவிட்டு எழுந்து போய்க் கயிற்றைப் பிடிக்கலாம், திரும்பி வந்து அதே கண்ணியில் தொடரலாம். தண்ணீர்த் தொட்டி நிரம்பும் வரையிலும், முன்னே நிற்கும் படகு லாக்கைவிட்டு வெளியேறும் வரையிலும் கரையில் உட்கார்ந்து ஒரு காலுறையின் பாதியை முடித்துவிடலாம். அந்த இடைவெளிகளில் மடிக்கணினியைத் திறக்க முடியாது, நிம்மதியாகப் புத்தகம் படிக்கவும் முடியாது. படகின் நாள் துண்டு துண்டாக வருகிறது. அந்தத் துண்டுகளை வீணாக்காமல் ஒரு முழுப் பொருளாக்கித் தருவது பின்னல்.

இடநெருக்கடியும் ஈரமும் பின்னலுக்கு இடையூறுகள். இரும்புச் சுவரும் கண்ணாடியும் குளிர்காலத்தில் வியர்த்து வழியும். இரண்டு பேர் மூச்சுவிட்டு, சமைத்து, குளித்து எழும் நீராவி முழுவதும் உள்ளேயே சுற்றும். கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தொட்டால் தெரியாதபடி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே நூலைக் காற்றுப் புகாத பெட்டிகளில் வைக்க வேண்டும். அந்துப்பூச்சி அரிக்காமல் இருக்கவும் அதுவே காவல். பின்னி முடித்த ஸ்வெட்டரை நனைத்து, அளவுக்கு இழுத்து, விரித்து உலர்த்தினால்தான் அதற்கு வடிவம் அமையும். விரிக்க எங்களிடம் இருக்கும் ஒரே சமதளம் படுக்கை. காலையில் நான் மேசைக்குப் போகும்போது ஸ்வெட்டரைப் படுக்கையில் விரிக்கிறேன். இரவுக்குள் அது உலர்ந்தாக வேண்டும். உலர வைக்க அடுப்பைக் கூடுதலாக எரித்தால் கரி செலவாகும், மூடிய அறைக்குள் ஈரமும் ஏறும். எனவே பெரிய ஆடைகளை வசந்தகாலத்தில் முடிக்கும்படி திட்டமிட்டு, காலுறை, கையுறை, தொப்பி போன்ற சிறியவற்றைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கிவிட்டேன். கருநீல நூலை டிசம்பர் மாலையில் எடுப்பதே இல்லை. கண்ணிகள் கண்ணுக்குத் தெரியா.

கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் யாரும் பேசாத பகுதி அதுதான். அலுவலக வேலையில் விரல்கள் விசைப்பலகையில் ஓடுகின்றன. லாக்கின் மதகைத் திறக்க வின்ட்லஸ் என்னும் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றும்போது பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. கயிறு இழுப்பதும் கரி அள்ளுவதும் அதே கைகள். இவ்வளவும் முடிந்த மாலையில் ஊசியைப் பிடித்தால், மனத்துக்கு அது இதமாக இருக்கலாம். மணிக்கட்டுக்கு அது அன்றைய நான்காவது சுற்று வேலை. கரையில் குடியிருந்து பின்னுகிறவருக்குக் கால்களாலோ இயந்திரங்களாலோ முடிந்துவிடும் வேலைகள் பலவும் படகில் கைகளின் மேல் வந்து சேர்கின்றன. இதனால் லாக் கடந்த நாளின் மாலையில் நான் ஊசியைத் தொடுவதில்லை. முக்கியமான மாதாந்திரக் கணக்கு முடிக்கும் வாரத்திலும் பின்னலைப் பாதியாகக் குறைக்கிறேன். கைவலி வந்தபின் குறைப்பதைவிட வருமுன் குறைப்பது எளிது என்று கால்வாயில் பல ஆண்டுகள் வாழ்ந்த மூத்த பெண்மணி ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அலுவலகக் கூட்டங்களின்போது பின்னலாமா என்ற கேள்வியும் எழுகிறது. வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கூட்டத்தில், கணக்கு வேண்டாத நேர்பின்னலைப் பின்னினால் என் கவனம் கூடுகிறது. வரிசைக்கு வரிசை மாறும் கோலப்பின்னலை எடுத்தால், பேசுவது காதில் விழாது. சில மேலாளர்கள் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால், முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற்றுவிடுவதே முறை. ஆனால் அந்த நேரத்தில் பின்னிய வரிசைகளை ஓய்வில் பின்னியவை என்று நான் கருதுவதில்லை. சம்பள நேரத்தின் நிழலில் பின்னியவை அவை.

பின்னல் பொழுதுபோக்குத்தான் என்று கடிதம் எழுதிய அன்பர் நம்புகிறார். இந்தத் தீவின் வரலாறு அவரை மறுக்கிறது. வடக்கு இங்கிலாந்தின் மலைப் பள்ளத்தாக்குகளில் உள்ள டென்ட் என்னும் ஊரில், பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் காலுறையும் தொப்பியும் பின்னி விற்றே வயிறு வளர்த்தார்கள். ஊசியைத் தாங்கும் மரப்பிடியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போகும் வழியிலும் பின்னினார்கள். குளிர்கால இரவுகளில் தத்தம் வீட்டில் விளக்கும் நெருப்பும் செலவழிக்காமல், முறைவைத்து ஒரே வீட்டில் கூடி, ஒரே கணப்பைச் சுற்றி அமர்ந்து பின்னினார்கள். கதையும் பாட்டும் அங்கே உண்டு. ஆனாலும் விரல்கள் கூலிக்காக ஓடிக்கொண்டிருந்தன. ஷெட்லாந்து தீவுகளில் பெண்கள் முதுகில் அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகள் நிறைந்த கூடையைச் சுமந்துகொண்டு, இடுப்பில் கட்டிய தோல்வாரில் ஊசியை ஊன்றி நடந்தபடியே பின்னினார்கள். ஸ்காட்லாந்தின் மீனவப் பெண்கள் ஹெர்ரிங் மீன் கூட்டத்தைப் பின்தொடரும் படகுகளுக்கு ஏற்பக் கோடையில் ஷெட்லாந்திலும் இலையுதிர்காலத்தில் கிரேட் யார்மத்திலும் வேலை செய்தார்கள். மூவர் கொண்ட குழுவாக நின்று இருவர் மீனைக் கிழிக்க, ஒருவர் உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்குவார். கத்தியும் உப்பும் விரலைத் தின்னாதிருக்கத் துணிக்கிழிசலைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். அந்த வேலை ஓய்ந்த நேரத்தில் தெருவில் கைகோத்து நடக்கும்போதும் அவர்கள் கைகளில் ஊசி இருந்ததைப் பழைய புகைப்படங்களில் காணலாம். வீட்டாருக்கு வேண்டிய கம்பளிச் சட்டையும் காலுறையும் வேறெங்கிருந்து வரும்?

கால்வாய்ப் படகுகளிலும் இதே நிலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில்களின் போட்டியால் சரக்குக் கட்டணம் சரிந்தபோது, கரையில் வீடு வைத்துக்கொள்ள வழியில்லாத படகோட்டிகள் மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். ஏறத்தாழ பத்தடி நீளமும் ஏழடிக்கும் குறைந்த அகலமும் கொண்ட பின்னறையில் முழுக் குடும்பமும் வாழ்ந்தது. கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் நடத்திய இயக்கத்தின் விளைவாக, 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் வந்தன. எத்தனை பேர் ஒரு படகில் குடியிருக்கலாம் என்பதை அவை வரையறுத்தன. சரக்கை ஏற்றி இறக்கிச் சேர்த்ததற்கான கூலி படகுத் தலைவரான ஆணின் கையில் தரப்பட்டது. சுக்கான் பிடித்த, லாக் திறந்த, குதிரையை நடத்திய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனிக்கூலி கிடையாது. அந்தப் பெண்கள் கொக்கி ஊசியால் குரோஷா பின்னி அறையின் அலமாரி விளிம்புகளை அலங்கரித்தார்கள். ஈ மொய்க்காமல் இருக்கக் குதிரையின் காதுகளுக்கு உறை பின்னினார்கள். இன்று அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்ப்பவர்கள் அழகு என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அழகுதான். கூலியில்லாத ஒரு நாளின் இறுதியில் அந்த அழகைச் செய்த கைகளுக்கு எத்தனை மணி நேர ஓய்வு கிடைத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் பல வாரங்கள் உறைந்து கிடந்தபின் அந்தச் சரக்குப் போக்குவரத்து பெரும்பாலும் முடிந்துபோயிற்று. குடும்பங்கள் கரையேறின. இப்போது கால்வாய்களில் மிதக்கும் ஏறத்தாழ 35,000 படகுகளில் பெரும்பாலானவை பொழுதுபோக்குக்கும் குடியிருப்புக்கும் உரியவை. பெண்ணின் கைவேலையை ஓய்வு என்று எழுதும் வழக்கம் மட்டும் கரையேறவில்லை.

இக்காலத்தில் இதற்கு வரித்துறையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. தனித்தொழிலில் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரையிலான வரவுக்கு 2017 முதல் வரிவிலக்கு உண்டு. அதைத் தாண்டினால் கணக்குக் காட்ட வேண்டும். படகிலிருந்தபடியே பொருள் விற்க வணிக உரிமமும் வேண்டும். நான் பின்னியதைச் சிறிதளவு விற்கிறேன். கேட்டவர்களுக்கு நாள் குறித்துக் கொடுக்கிறேன். நாள் குறித்த அந்த நேரத்திலிருந்து அது வேலை. உறவினர் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாளுக்குள் ஸ்வெட்டர் வேண்டுமென்று அன்போடு கேட்டால், அதுவும் வேலைதான். பணம் கைமாறுவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. கெடு இல்லாமல், பெறுபவர் பெயர் இல்லாமல், பிடிக்காவிட்டால் பிரித்துவிடலாம் என்ற உரிமையோடு பின்னும் பின்னலைத்தான் நான் ஓய்வில் சேர்க்கிறேன். எனக்கென்று அப்படி ஒரு சால்வை எப்போதும் தனிப்பையில் இருக்கும். அது முடிய எத்தனை காலமானாலும் கவலையில்லை.

ஓய்வுக்கென நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு எளியது. அலுவலகப் பணி முடிந்ததும் மடிக்கணினியை மேசையில் விடாமல் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறோம். ஒரே அறையில் வேலையும் வாழ்க்கையும் நடப்பதால், கண்ணில் படும் கணினி மனத்தை விடாது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் படகை நகர்த்துவதில்லை, பழுதுபார்ப்பதில்லை. தண்ணீர் தீரும் நிலையில் இருந்தால் சனிக்கிழமையே நிரப்பிவிடுவோம். அந்த நேரத்தில் கரைப்பாதையில் நெடுந்தூரம் நடக்கிறோம். கைகளுக்கு வேலையே இல்லாத ஓய்வு அது ஒன்றுதான். நட்பைப் பேணுவது இதைவிடக் கடினம். ஓர் ஊரின் நூலகத்தில் பின்னல் குழுவினரோடு பழகத் தொடங்கும்போதே நகர வேண்டிய நாள் வந்துவிடும். பழைய ஊருக்கு ரயிலில் திரும்பிப் போய் அந்தக் கூட்டத்தில் கலந்துகொள்கிறேன். பயணத்துக்குப் பணம் செலவாகிறது என்றாலும் அதை விட மனமில்லை. கோடை மாலைகளில் படகு முகப்பில் அமர்ந்து காணும் நிம்மதி உண்மையானது என்பதையும் நான் மறுக்கவில்லை. அதற்காகத்தான் இத்தனையும் செய்கிறோம். கட்டுரையாளர் கண்டது அந்த ஜூலை மாலையை என்றால், அவர் பொய் எழுதவில்லை.

தங்கள் வாசகர்களில் இந்நாட்டுக்குப் படிக்கவும் பணிபுரியவும் வருகிற இளைஞர்கள் பலர் இருப்பார்கள். வாடகைக்கு அஞ்சிப் படகு வாங்க நினைப்பவர்களும் அவர்களில் இருக்கக்கூடும். வாங்குவதற்கு முன் பிப்ரவரியில் ஒரு வாரம் வாடகைப் படகில் தங்கி, தம் அலுவலக வேலையை அங்கிருந்தே முழுமையாகச் செய்து பார்க்குமாறு அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன். மின்சாரம், தண்ணீர், கரி, கைவலி ஆகியவற்றின் கணக்கு அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். விலாசம் இல்லாவிட்டாலும் இங்கே குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளலாம் என்ற தகவலையும் சேர்த்து வெளியிட்டால், படகில் இருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும். ஞாயிறு இணைப்பில் இதே பொருளை மீண்டும் எழுத நேர்ந்தால், படகு வாசலில் அமர்ந்து பின்னும் பெண்ணின் படத்தை ஓய்வின் அடையாளமாக அச்சிடுவதற்கு முன், அந்தப் பின்னல் யாருக்காக, என்ன விலைக்கு, அன்றைய எந்த வேலைக்குப் பிறகு என்று அவரிடமே கேட்டு எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
படகில் குடியிருக்கும் வாசகி,
கிராண்ட் யூனியன் கால்வாய், இங்கிலாந்து